மஞ்சள் பூசிய நட்சத்திரம்

எனக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். சாதாரணமாகத் தமிழ்தான் பேசுவேன். கோபம் ஏற ஏறத் தமிழில் கன்னடம் கலக்கும். முழுக்கக் கன்னடமாகிவிட்டால் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த அப்பாவின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரர் கொள்ளேகால்காரர், பட்டுத் துறை அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் வீட்டில் கோபம் வந்தால் பேச்சையே நிறுத்திவிடுவார்களாம். அதனால் எங்களுக்குள் சண்டை வந்தால் அக்ரஹாரத்தில் எங்கள் தெரு முழுக்க என் குரல் மட்டும்தான் கேட்கும். நான் பெரிய சண்டைக்காரி என்று தெருவே நம்பியது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

முழுக் கன்னடத்துக்கு நான் போன நாட்களில் பெரிய நாள் ஒரு ஆயுத பூஜை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். அன்று என் வீட்டுக்காரர் ஒரு நட்சத்திரத்தை உடைத்தார். கூடவே ஒரு கிரகத்தையும் நசுக்கினார். இரண்டையும் ஸ்கூட்டருக்காகச் செய்தார்.

முதலில் என் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது புரியாது. எனக்கு வேலை வேண்டும். பி.எஸ்ஸி. பௌதிகம், முதல் வகுப்பு. கல்யாணமான புதிதில் வங்கிப் பரீட்சை எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். தேறவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம், கொள்ளேகாலிலிருந்து யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே, "பேங்க் வேல ஆச்சுங்களா?" என்று கேட்டார்கள். ஒருவர் கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன்: இனி கையில் கிடைக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. வீட்டுக்காரரிடமும்தான். அவரிடம் சொன்னால் அவர் அம்மாவிடம் சொல்வார், அம்மாவிடம் சொன்னால் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்த மாதிரி.

புதன்கிழமை பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கம் வரும். அவர் ஆபீஸ் போனதும் அந்தத் தாளை மட்டும் உருவி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, சமைத்துக்கொண்டே எடுத்து எடுத்துப் படிப்பேன். அப்படித்தான், நடந்தே போகிற தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேண்டும் என்று பார்த்தேன். விண்ணப்பம் போட்டேன். பதில் இல்லை. நேரில் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "பி.எட். எல்லம்மா?" என்றார். அதாவது பி.எட். எங்கே என்று கேட்டார். நான் செய்ததில்லை. "ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கலாமா?" என்றேன். "ஏதுக்கு?" என்றார். தாள்களை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதே விளம்பரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் புதன்கிழமை தோறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. கன்னி ராசி இருக்கிற பக்கத்து வானத்தில், நம் சூரியனைப் போல ஒரு மஞ்சள் நட்சத்திரம். அதைப் பெரிய கிரகம் ஒன்று சுற்றுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கிரகம் நம் வியாழனைவிட ஏழு மடங்குக்குக் குறையாத கனம், நான்கு மாதத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். நட்சத்திரத்துக்கோ நடுவயது தாண்டிவிட்டது. உள்ளே நடுவில் எரிந்துகொண்டிருந்தது தீர்ந்துவரும் தறுவாயில் நட்சத்திரங்கள் மெல்ல உப்ப ஆரம்பிக்கும். கடைசியில் உப்பி ராட்சத நட்சத்திரம் ஆகிவிடும். இது இன்னும் ராட்சதன் ஆகவில்லை, ஆனால் உப்பல் தொடங்கிவிட்டது. அரை ராட்சதன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குத் தூக்கம் போனது எதனாலென்றால், அந்தக் கிரகத்தை யாருமே பார்க்கவில்லை. நட்சத்திரம் ஆடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். கிரகம் சுற்றிவரும்போது நட்சத்திரத்தையும் கொஞ்சம் இழுக்கும். அது இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் நகரும். எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்து இழுப்பதன் கனத்தைச் சொல்லலாம். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நாள் என்பதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை எடை போட்டுவிட்டார்கள்! நான் சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் காராபூந்தி தின்றுகொண்டே கேட்டார். "பாக்காமயே இருக்குதுன்னு எழுதிட்டாங்களா? எங்க ஆபீஸ்ல அப்படி எழுதுனா மெமோ குடுப்பாங்க புள்ள."

அந்த வருடம் தசரா வந்தது. எங்கள் வட்டாரத்து மாதர் சங்கம் தசராவுக்குக் கொலுப் போட்டி நடத்தும். சங்கத்தின் செயலாளர் எதிர்வீட்டு அக்கா. மூன்று வருடமாக முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தவரும் அதே எதிர்வீட்டு அக்காதான். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அவர் வீட்டுக் கொலுவில் தசரா ஊர்வலமே இருக்கும்: அம்பாரி சுமந்த யானை, பின்னால் குதிரைகள், பேண்டு வாத்தியம். யானைக்குள் பேட்டரி போட்டிருந்தார். அது தலையாட்டும். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. அவர் பேசுகிற தமிழைப் புரிந்துகொள்ளக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அக்காதான் வாசலில் நின்று சொன்னார். "இந்த வருஷ ஜட்ஜ் யாரு கொத்தா, தெரியுமா? நம்ம கேர்ள்ஸ் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். ஆயுத பூஜெ சாயங்காலம் நாலு மணிக்கு எல்லார் மனெக்கும் வர்றாங்க."

நான் பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். என் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காத ஆள் என் வீட்டுக்கே வருகிறார். எனக்குப் பாடம் சொல்லத் தெரியும் என்று காட்ட ஐந்து நிமிடம் கிடைக்கும். பி.எட். காகிதத்துக்குப் பதில் ஐந்து நிமிடம். இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் கொலு ஐந்து படி. மேலே, கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக்கொடுத்த பட்டத கொம்பெ, அதாவது மரத்தில் செய்த ராஜா ராணி ஜோடி. அதற்குக் கீழே மூக்கு உடைந்த செட்டியார், ஒட்டவைத்த செட்டிச்சி, இரண்டு கிருஷ்ணன், ஒரு போலீஸ்காரர். வழக்கமாகப் படிக்குக் கீழே கடுகு முளைக்கவைத்துப் பூங்கா போடுவேன். அந்த வருடம் பூங்காவை எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளியை விரித்து ஆகாயம் போட்டேன்.

ஆகாயத்தின் நடுவில் பழைய ரெக்கார்டு பிளேயர். பாட்டு வராது, ஆனால் தட்டு சுற்றும். மண்டி மொஹல்லாவுக்குப் போய், தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சாம்பல் பூசணி வாங்கிவந்தேன். நட்சத்திரம் மஞ்சள் அல்லவா, அதனால் நன்றாக மஞ்சள் பூசினேன். தட்டின் நட்ட நடுவில் வைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி, துணிச்சும்மாட்டின்மேல் உட்காரவைத்தேன். ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒன்றை அதில் குத்தி, ஊசியின் மறுநுனியில் ஒரு எலுமிச்சம்பழம். தட்டைச் சுற்றவிட்டால் எலுமிச்சை பெரிய வட்டமாக ஓடும், பூசணி தன் இடத்திலேயே சின்ன வட்டமாகத் தள்ளாடும். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்ததும் எலுமிச்சை ஓடுகிற இடத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துவிட வேண்டும். "பூசணி ஏன் தள்ளாடுகிறது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். இதை நான் கண்ணாடி முன்னால் நின்று முப்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

முதல் நாள் சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்த மூன்று பெண்களும் பூசணியைப் பார்த்தார்கள். சுற்றுகிற எதையும் பார்த்தால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, சுற்றிக்கொண்டிருந்த பூசணிக்கு ஓடிப்பிடித்துக் குங்குமம் வைத்தாள்.

"இது சாமி இல்லைங்க, நட்சத்திரம்" என்றேன்.

"எந்த நட்சத்திரம்? உத்திரமா, அஸ்தமா?" என்றாள்.

எதிர்வீட்டு அக்கா எலுமிச்சையைக் குனிந்து உற்றுப்பார்த்தார். "இது ஹொஸ கிரகமா, புதுசா? கன்னி ராசியா? என் மருமக கன்னி ராசிம்மா. ஒள்ளேது பண்ணுமா, கெட்டது பண்ணுமா?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. அது ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கு."

"சனி மட்டும் பக்கத்து மனெயிலயா இருக்கான்?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் எள் தீபத்தோடு வந்தார். இந்தக் கிரகத்துக்கு வாகனம் என்ன, தானியம் என்ன, என்ன நிறத்தில் வஸ்திரம் சாத்த வேண்டும் என்றெல்லாம் கேட்டார். இதற்குப் பெயரே இன்னும் வைக்கவில்லை என்றேன். பெயரில்லாத கிரகத்துக்கு எப்படி அர்ச்சனை செய்வது என்று உண்மையிலேயே கவலைப்பட்டார். தெருவில் செய்தி பரவிவிட்டது. ஒன்பது கிரகத்துக்குப் பரிகாரம் செய்து அலுத்தவர்கள் எல்லாரும் பத்தாவதையும் ஒரு கை பார்ப்போம் என்று வந்தார்கள். நான் நாள் முழுக்க "சாமி இல்லை, சாமி இல்லை" என்று சொல்லிச் சொல்லி, ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன். எட்டாம் நாள் பூசணியில் மஞ்சளைவிடக் குங்குமம் அதிகமாக இருந்தது. உச்சியில் யாரோ சூடம் கொளுத்திய கரியும் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள், ஆயுத பூஜை. வீட்டுக்காரர் காலையிலேயே ஆபீஸ் பூஜைக்குப் போய்விட்டு, மதியம் ஒரு துணிப்பை நிறையத் தேங்காயோடு வந்தார். உடைக்காமல் மிஞ்சியதைப் பங்கு போட்டார்களாம், இவர் பங்கு ஐந்து. சாப்பிட்டார், குட்டித் தூக்கம் போட்டார். மூன்று மணிக்கு எழுந்து ஸ்கூட்டரைக் கழுவ ஆரம்பித்தார். அந்த ஸ்கூட்டரைக் கழுவுகிற அக்கறையில் பாதியை அவர் தன் காதுக்குப் பின்னால் காட்டியிருக்கலாம். நான் குளித்துவிட்டு, நல்ல பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

கொசுவம் மடிக்கும்போது வெளியே "டொப்" என்று சத்தம் கேட்டது. காலையிலிருந்தே தெருவில் வீட்டுக்கு வீடு வண்டிக்குப் பூசணி உடைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவே சிவப்பும் மஞ்சளுமாகக் கிடந்தது. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கூடத்துக்கு வந்தேன். ரெக்கார்டு பிளேயர் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டின்மேல் சும்மாடு சுற்றியது. சும்மாட்டின்மேல் ஒன்றும் இல்லை.

வாசலுக்கு ஓடினேன். ஸ்கூட்டருக்குச் சாமந்தி மாலை, ஹேண்டிலில் வாழைக்கன்று. முன்சக்கரத்துக்குப் பின்னால் என் கிரகம் சப்பையாக, விதை வெளியே தெரியக் கிடந்தது. சாக்கடை ஓரம் வரைக்கும் என் நட்சத்திரம் சிதறியிருந்தது. நடுவில் வீட்டுக்காரர், மேலே துண்டு மட்டும் போட்டு, கையெல்லாம் குங்குமமாக, முகம் நிறையச் சிரிப்போடு நின்றார்.

"பூசணி வாங்க நாந்தான் சுத்தமா மறந்துட்டேன் புள்ள. இன்னிக்கு மார்க்கெட்ல கால் வைக்க முடியாது, என்னடா பண்றதுன்னு உள்ள வந்து பாக்கறேன், மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழத்தோட ரெடியா எடுத்து வச்சிருக்கறே! நான் மறந்தாலும் நீ மறக்கல பாரு. பழத்துல ஊசி எதுக்குக் குத்தி வச்சிருக்கறேன்னுதான் வெளங்கல. திருஷ்டிக்கு ஆகும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் கண்ணில் நன்றி தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தை அதிகமாக்கியது. ஒரு நிமிடம் எந்த மொழியும் வரவில்லை. அப்புறம் வந்தது. அதில் தமிழ் ஒரு சொல்கூட இல்லை என்று எதிர்வீட்டு அக்கா பின்னாளில் மிகவும் மரியாதையோடு சொன்னார். வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார். பூஜைக்காகச் செருப்பை உள்ளே விட்டிருந்தார், வாசற்படியில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு நாளாக ஒத்திகை பார்த்த ஐந்து நிமிடம் சாக்கடையில் கிடக்கிறது. இதை அவரிடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் வேலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்போது தெருமுனையில் மாதர் சங்கம் திரும்பியது. முன்னால் எதிர்வீட்டு அக்கா, நடுவில் உயரமாக, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ், பின்னால் இரண்டு பேர்.

உள்ளே வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சுற்றுகிற வெறும் தட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இது என்னம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். அவர் பேசியது முழுக்கக் கன்னடம்தான், நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

என் கண், கதவோரம் பயந்து நின்ற வீட்டுக்காரர்மேல் விழுந்தது. அகலமான ஆள். துண்டுக்குக் கீழே வயிறு. மூலையில் தேங்காய்ப் பை. கொடியில் துவைத்துக் காய்ந்த வேட்டி.

"இங்கே வாங்க" என்றேன். அவர் வந்தார். என்ன சொன்னாலும் செய்கிற நிலையில் இருந்தார்.

"மேடம், இவர்தான் நட்சத்திரம்" என்றேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாற்பத்திரண்டு வயசு. இன்னும் ராட்சதன் ஆகவில்லை. ஆனால் போன வருடத்துக்கு இந்த வருடம் பெல்ட்டில் இரண்டு ஓட்டை நகர்ந்துவிட்டது. இந்தப் பருவத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கு அரை ராட்சதன் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்."

"அத எதுக்கு இப்பச் சொல்றே?" என்றார் நட்சத்திரம், துண்டை இழுத்து விட்டுக்கொண்டே.

வேட்டியை எடுத்து, எதிர்வீட்டு அக்காவை ஒரு பக்கமும் இன்னொரு பெண்ணை மறுபக்கமும் பிடிக்கச் சொன்னேன். கல்யாணத்தில் திரை பிடிக்கிற மாதிரி பிடித்தார்கள். அவருடைய தலை மட்டும் மேலே தெரிந்தது. திரைக்குப் பின்னால் போய் அவர் காதில், "வெறுங்கையோட நின்ன எடத்துல சுத்துங்க" என்றேன். சுற்றினார். தலை இருந்த இடத்திலேயே சுற்றியது.

"என்ன தெரிகிறது மேடம்?"

"ஒரு மனிதர் சுற்றுகிறார்."

நான் தேங்காய்ப் பையை அவர் கையில் கொடுத்து, "கையை நீட்டி, இதையும் சேத்துச் சுத்துங்க" என்றேன். "எதுக்குப் புள்ள?" என்றார். நான் கன்னடத்தில் ஒரு சொல் சொன்னேன். உடனே சுற்றினார். இப்போது தலை ஒரு இடத்தில் நிற்கவில்லை. பின்னால் சாய்ந்து, வேட்டிக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது, மறுபடி வந்தது. கண்கள் என்னைத் தேடித் தேடி வட்டம் போட்டன.

ஹெட்மிஸ்ட்ரஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையில் ஏதோ இருக்கிறது" என்றார்.

"பார்த்தீர்களா?"

"இல்லை."

"பின்னே எப்படிச் சொல்கிறீர்கள்?"

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்தார். "எவ்வளவு சாய்கிறார் என்று பார்த்தால் கையில் இருப்பதன் கனம் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் தூரம் தெரியும். கன்னி ராசிப் பக்கத்தில் இருக்கிற கிரகத்தை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள் மேடம். யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் ஆட்டத்தை மட்டும் பார்த்தார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நிறுத்தலாமா?" என்றது தலை.

"வேண்டாம், இன்னும் கண்டுபிடிச்சிட்டு இருக்காங்க."

வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்த எதிர்வீட்டு அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையையே பார்த்தார். எட்டு நாளாக வாகனம் கேட்டவர், வஸ்திரம் கேட்டவர், மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு தேங்கா."

நான் திகைத்துப்போனேன். "எப்படிக்கா?"

"நாலு ஆனா இஷ்டு சாய மாட்டார். ஆறு ஆனா பித்தோகிடுவார்." இஷ்டு என்றால் இவ்வளவு; விழுந்துவிடுவார் என்பதைத்தான் பித்தோகிடுவார் என்றார். "அஞ்சுதான். கேரண்டி."

அவ்வளவுதான், பையின் காது அறுந்தது. தேங்காய்கள் கூடம் முழுக்கப் பறந்தன. ஒன்று கொலுவில் ஏறி ராஜாவைத் தள்ளியது, ராணி மட்டும் நின்றார். ஒன்று போலீஸ்காரரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒன்று வாசற்படியில் விழுந்து சரிபாதியாக உடைந்தது. உடனே எல்லாரும் "சுப சகுனம், சுப சகுனம்" என்றார்கள். பை கையை விட்டதும் நட்சத்திரம் பின்பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தது. அக்கா பயத்தில் வேட்டியை விட்டுவிட, அது அவர் தலைமேல் விழுந்து மூடிக்கொண்டது.

வேட்டிக்கு அடியிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கொள்ளேகால் கன்னடத்தில் அவர் குரல் வந்தது.

"மேடம், இவள் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு. பி.எட். இல்லையென்று தள்ளிவிடாதீர்கள். நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். எனக்கே புரிகிறது."

ஹெட்மிஸ்ட்ரஸ் அந்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விண்ணப்பம் போட்டிருக்கிறாயா?" என்றார். போட்டிருக்கிறேன் என்று தலையாட்டினேன். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். சுண்டலை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் பரிசு வழக்கம்போல யானைக்குத்தான் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு டீ வடிகட்டி கொடுத்தார்கள்.

அவர்கள் போனபிறகு நானும் அவரும் வாசலில் நட்சத்திரத்தைக் கூட்டி அள்ளினோம். அவருக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தார். நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." அவர் முறத்தை நீட்டினார். "ரசத்துல உப்பு எச்சா, தூக்கலா இருந்துச்சு. ஒரு நாளு இருந்தா கை தவறிடுச்சுன்னு விட்டுடலாம். புதன்கெழம புதன்கெழம இருந்துச்சு. மத்த நாளெல்லாம் சரியா இருக்குது. சரி, புதன்கெழம எதோ ஒண்ணு இவளப் புடிச்சு இழுக்குதுன்னு நெனச்சேன். மொதல்ல ஒடம்புக்கு எதாச்சுமோன்னு பயந்தே போயிட்டேன். அப்புறம் புதன்கெழம பேப்பர எடுத்துப் பாத்தா நடுவால ஒரு தாளக் காணோம். ஆபீஸ் பேப்பர்ல பாத்தேன். அது வேலைவாய்ப்புத் தாளு."

"அந்த ஸ்கூல்தான்னு?"

"அது இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்தத் தாள்ல இந்த ஸ்கூலு பி.எட். டீச்சர் வேணும்னு கேட்டிருந்துச்சு. ஜட்ஜம்மா வர்றாங்கன்னு கூடத்த மூணு வாட்டி கழுவுனே. எங்கம்மா வந்தப்பக்கூட ஒரு வாட்டிதான் கழுவுனே."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இவ்வளவும் தெரிஞ்சுகிட்டு, அந்தப் பூசணிய எதுக்குங்க ஒடச்சீங்க?"

"எட்டு நாளா கொலுப் பக்கம் பொம்பளைங்க கூட்டம், நான் எட்டியே பாக்கல. இன்னிக்கும் நீ எங்கிட்டச் சொல்லலியேன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். அதுல பூசணியச் சரியாப் பாக்கல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "எத்தன வாரம்?"

"ஏழு."

ஏழு வாரம் உப்பு ரசத்தை இந்த மனுஷன் வாய் திறக்காமல் குடித்திருக்கிறார். "சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"சொன்னா நீ சரியாப் போட்டிருப்பே. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வாரமும் எச்சா ஆயிட்டே வந்துச்சு. உப்ப வச்சுத்தான் நீ எவ்வளவு ஆசப்படறேன்னு கண்டுபுடிச்சேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு அவர் சாக்கடைப் பக்கம் போனார். நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் மஞ்சளும் குங்குமமும் ஆனது.

விஜயதசமி முடிந்து பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள், ஒரு சனிக்கிழமை. அவருக்கு விடுமுறை, ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் இருந்தார். வாசலில் சைக்கிள் மணி. பள்ளி பியூன் ஒரு கவரைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சமையலறையில் நின்று மூன்று தடவை படித்தேன். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், பி.எட்.டைத் தபாலில் படித்து முடிக்க வேண்டும். அடியில் ஹெட்மிஸ்ட்ரஸ் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: நட்சத்திரப் பாடத்துக்கு நட்சத்திரத்தையும் அழைத்து வரவும்.

இந்தத் தடவை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், பாயசம் வைத்துவிட்டு, மெதுவாகக் கவரை எடுத்து நீட்ட வேண்டும். கவரை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். முகத்தைக் கழுவி, ஒன்றுமே நடக்காத மாதிரி வைத்துக்கொண்டேன். இலை போட்டேன், சாதம் பரிமாறினேன், ரசம் ஊற்றினேன்.

அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உப்பே இல்லையே புள்ள" என்றார். "கெடச்சிருச்சா?"